முள்ளைக் கருக்கிய ராகேலம்மாள்

காட்பாடி ஸ்டேஷனில் ஆம்பூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். எதிரே வந்த எங்கள் ஊர் விவசாயி முனிசாமி என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். “ராகேலம்மா போய்ட்டாங்க. நேத்து அடக்கம் பண்ணோம். ஊர்ல ஒருத்தரும் ஏர் பூட்டல” என்றார்.

தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்காக ஓர் ஊர் உழவை நிறுத்தியது. அவரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அறியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நான் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். இரண்டு வருஷமாக மழை இல்லை. பாலாற்று மணலை ஆள் உயரம் தோண்டினாலும் ஈரம் தட்டவில்லை. வைக்கோல் தீர்ந்து, கூரையைப் பிய்த்து மாடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோல் தரகர் ஒருவர் தினமும் காலையில் தெருவில் நடந்து, எந்த மாடு எழுந்திருக்கவில்லை என்று பார்த்துப் போவார். முனிசாமி தன் உழவு மாட்டு ஜோடியை வரும் சந்தையில் தள்ளிவிடுவதாக அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஊரில் பச்சையாக இருந்தது சப்பாத்திக்கள்ளி ஒன்றுதான். வேலி, கரம்பு, ஏரிக்கரை எங்கும் அதுவே. இலை என்று ஒன்று இல்லாமல், தண்ணீரையெல்லாம் மடல்களுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு வெயிலில் தளதளவென்று நின்றது. பசி தாங்காமல் அதைக் கடித்த மாடுகள் வாயெல்லாம் முள் ஏறிச் செத்தன. கள்ளியை மாட்டுக்குப் போடக் கூடாதென்று சாவடிச் சுவரில் நானே நோட்டீஸ் ஒட்டினேன்.

அந்த வாரம் ராகேலம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஷாப்பில் இடித்து மிஞ்சிய பட்டைத்தூள் குவியலில் தீப்பிடித்து, பக்கத்துக் கள்ளி வேலி கருகிப்போனதாம். மறுநாள் அவருடைய பசு அந்த மடல்களைத் தின்றுகொண்டிருந்ததாம்.

“நெருப்புல முள்ளு பொசுங்கிப் போச்சிங்கய்யா. மூணு நாளா துன்னுது. நல்லா கீது” என்றார்.

“இன்னிக்கி நல்லா இருக்கும். அப்புறம் குடல் கிழியும்” என்றேன்.

“நீங்க கிழிஞ்சத பாத்தீங்களா?”

நான் பார்த்ததெல்லாம் முள்ளோடு தின்ற மாடுகளைத்தான். அதைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை. “நோட்டீஸ்ல போட்டிருக்கு” என்றேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் முதல் தன் பசுவை ஊர்ப் பொதுவில் புளியமரத்தடியில் கட்டினார். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். மடலைக் கவைக்குச்சியில் குத்தித் தீயில் புரட்டி, கண்ணுக்குத் தெரியாத பூமுள்ளும் போக வேண்டுமென்று சாக்கால் தேய்த்து, துண்டு போட்டுத் தந்தார். ஐந்தாம் நாள் பசு தண்ணீராகக் கழிந்தது. “தோல் ஷாப்புக்காரி சொல்லியா நாங்க தீனி போடணும்?” என்று முனிசாமி எல்லோர் முன்னாலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

அன்று நானும் அங்கே நின்றேன். ராகேலம்மாளுக்கு அந்தப் பசுவைத் தவிர வேறு சொத்தில்லை. கொஞ்ச நேரம் சாணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஈரம் ஜாஸ்தி, நாரு கம்மி. அதான்” என்று சொல்லிவிட்டு, பனையோலையைப் பொடியாக நறுக்கிக் கள்ளியோடு கலந்தார். மூன்றாம் நாள் சாணம் கட்டியாக விழுந்தது. பசு முன்போல் அதிகத் தண்ணீரும் கேட்கவில்லை. கிணறு வற்றிய ஊரில் அதுவே பெரிய உதவி. இரண்டு வாரம் கழித்து அதன் மடியில் பால் தட்டியது.

முனிசாமி அந்தப் பாலைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கும் காட்டும்மா” என்றார்.

“மொதல்ல போய் கவக்குச்சி வெட்டினு வாங்க” என்றார் ராகேலம்மாள்.

அவர் மன்னிப்போ கூலியோ கேட்கவில்லை. அந்த வாரமே ஊரெங்கும் தீ மூட்டினார்கள். முதலியார் வீடு, சேரி என்ற பேதமில்லாமல் எல்லோர் கையிலும் கருகிய மடல். நான் சாவடிக்குப் போய் என் நோட்டீஸை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ராகேலம்மாள் பார்த்துக்கொண்டே போனார். சந்தைக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு மாடும் போகவில்லை. தரகரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஆடியில் மழை இறங்கியது. முதல் ஏரை ராகேலம்மாள் கை வைத்துத் தொடங்கித் தரவேண்டுமென்று ஊரார் போய் அழைத்தார்கள். அழைக்கப் போனவர்களில் முன்னால் நின்றவர் முனிசாமி. விலைபேசப்பட்ட அதே ஜோடி, சேற்றில் முழங்கால் புதைய நிமிர்ந்து இழுத்தது. கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். ராகேலம்மாள் மேழியை விட்டுக் கரையேறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பின்னாளில் கள்ளியைத் தின்னும் வெள்ளைப் பூச்சி பிடித்துக் கள்ளிக்காடெல்லாம் அழுகிச் சாய்ந்தபோது, வருத்தமா என்று கேட்டேன். “வேண்டிய காலத்துல நின்னுச்சி. இப்ப அந்த எடத்துல கேவுரு வெதைக்கலாம்” என்று சிரித்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. யாராவது மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால், “எனக்குத் தெரியாது, வாங்க பாக்கலாம்” என்று உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். நான் பிழைக்கவைத்த மாடுகளில் பாதி, அப்படிப் போய்ப் பார்த்ததால் பிழைத்தவை.