அம்மாவின் வலது கை

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று நான் இப்போது குடியிருக்கும் சிலிபினில், பக்கத்து வீட்டுப் பெண் உள்ளங்கையில் படைக்களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் காரமான வாசனை என்னைச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு இழுத்துப்போனது.

அது எழுபதுகள். பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் குழந்தைகளை அம்மா ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொள்வார். ஒருமுறை அவரது வலது உள்ளங்கை வறண்டு, ரேகைகளில் மாவு அப்பியதுபோல் வெளுத்து உரிந்தது. மரம் வெட்டும் பெண்களில் ஒருவரான லெட்சுமி அக்கா தன் பிள்ளையைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

"பெருவியாதியா இருந்தா என்னா செய்றது? மண்டோருகிட்ட வேற ஆயா கேக்கப் போறேன்." மண்டோர்தான் தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் மேற்பார்வையாளர்.

அம்மா என்னோடு தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். லெட்சுமி அக்காவும் பின்னாலேயே வந்தார். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் ஊசி முனையால் உள்ளங்கையைத் தொட்டார். அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"உணர்ச்சி நல்லா இருக்கு. சிலிப்பரக் கழட்டும்மா."

கால் விரலிடுக்கெல்லாம் ஊறிப்போய் உரிந்திருந்தது.

"கால்ல உள்ள படைய இந்தக் கையால சொறிஞ்சிருக்கே. அதான் ஒரு கையில மட்டும். பெருவியாதி இல்லலா. ஒரு மாசம் களிம்பு போடு, அரிப்பு நின்னாலும் விடாத. ஆறுற வரைக்கும் பிள்ளைங்களத் தூக்காத, கொட்டகையக் கூட்டு. மண்டோருகிட்ட நான் சொல்லிக்கிறேன், வேல போவாது." பிறகு லெட்சுமி அக்காவைப் பார்த்தார். "கால்ல ஈரச் சப்பாத்து போட்டு மரம் வெட்டுற பாதிப் பேருக்கு இது இருக்கு."

லெட்சுமி அக்கா கால்விரல்களை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் டிரசரின் அறை வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். லெட்சுமி அக்கா முதல் ஆள்.