உதிர்ந்ததையும் ஒட்டுபவர்

எச்சில் தொட்ட விரல் நுனியில் மஞ்சள் இதழ் ஒன்றை ஏந்தி, அது எந்தப் பூவிலிருந்து விழுந்தது என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுவார். எங்கள் உலர்தாவரக் கூடத்தில் செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டுவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் பசையண்ணன். பதிவுகளைக் கவனிக்கும் எனக்குத் தீராத தலைவலி.

பூச்சி அரித்த இலையைக் கிள்ளி எறிந்துவிடுவார். "போட்டோவுக்கு நிக்கும்போது கிழிஞ்ச சட்டையோட நிப்பீங்களா சார்?" அரித்த இலையும் ஆதாரம்தான் என்று கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிவிட்டது.

செருந்தி வந்தால் நான் தொலைந்தேன். புதர்ச்செடி, பளபளக்கும் இலை, விளிம்பில் பொடிப்பொடியாகப் பற்கள். பூவுக்கு ஐந்து மஞ்சள் இதழ்கள், தொட்டால் உதிர்ந்துவிடும். அடியிலிருக்கும் புல்லிகள் மட்டும் தங்கிச் சிவக்கும், நடுவே கருமணிகளாகக் காய்கள் உட்காரும். உதிர்வது அதன் குணம். உதிர்ந்தவற்றைச் சிறு உறையில் போட்டுத் தாளின் ஓரத்தில் வைப்பது எங்கள் முறை. இவருக்கோ மொட்டைப் பூவைக் கண்டால் பொறுக்காது.

போன வாரம் ஆய்வு மாணவி ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். மற்றத் தாள்களில் எல்லாம் ஐந்து இதழ், ஒன்றில் மட்டும் ஏழு. புதிய இனம் என்று கட்டுரையே எழுதிவிட்டாள்; மறுநாள் அனுப்ப வேண்டும். பசை இருந்தால் இளகட்டும் என்று அந்தப் பூவை வெந்நீரில் ஊறவைத்தேன். ஐந்து நின்றன. இரண்டு கழன்று மிதந்தன.

"அண்ணே! ஆறு மாச உழைப்பு போச்சே!"

"ரெண்டும் கீழ கிடந்துச்சும்மா. எதோடதுன்னு தெரியல. அப்படியே அனாதையா விட்டுட முடியுமா?"

"அவ்வளவு பாசம்னா உங்க வழுக்கையில ஒட்டிக்க வேண்டியதுதானே!"

அவள் போனதும் நான் சொன்னேன்: "இனி ஒரு இதழ் ஒட்டினாலும் உங்களக் கிடங்குக்கு மாத்திடுவேன்னு இயக்குநர் சொல்லிட்டார்."

"சரி சார், சரி சார்."

அந்தச் 'சரி'யை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்!

இன்று காலை புதுச் செருந்திக் கிளை வந்தது. உதிரும் இதழ்களுக்கான காகித உறையைப் பசையண்ணன் திறந்து வைத்தார். பசைக் கிண்ணத்தை என் மேசைப் பக்கம் தள்ளினார். கிளையை மெல்லத் தூக்கினார். இதழ் ஒன்று அசைந்ததுதான் தாமதம், அவருடைய இடது உள்ளங்கை அதன் அடியில் போய் நின்றது.