அப்பாக்களுக்கு நான்கு கேள்விகள்

பணி ஓய்வு பெற்ற பிறகும் என்னைச் சும்மா விடவில்லை. தமிழ்ப்பள்ளியில் இருபது வருடம் கவுன்சலிங் டீச்சராக இருந்தவள் என்பதால், எங்கள் ஊரான பாடாங் செராயில், கோயில் மண்டபத்தில் அப்பாக்களுக்கு ஒரு குழு நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகளோடு ஒத்துப்போக முடியாத ஆண்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

1. முதல் வாரங்கள்

பன்னிரண்டு நாற்காலி போட்டேன். ஒன்பது அம்மாக்கள் வந்தார்கள். அவருக்கு வேலை, நீங்கள் சொல்வதை நாங்கள் போய்ச் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். அடுத்த ஞாயிறு ஏழு ஆண்கள் வந்தார்கள். ஆறு பேரை மனைவிமார் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் பந்து விளையாட்டைப் பற்றியும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் பேசினார்கள். தன் பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தானாக வந்த ஒரே ஆள் செல்வம். லாரி ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். மகள் கவிதாவுக்குப் பதினான்கு வயது. கைப்பேசித் தகராறில் ரோத்தான் பிரம்பால் அடித்திருக்கிறார். அன்றே அவள் சுங்கை லாலாங்கில் இருக்கும் அத்தை, அதாவது செல்வத்தின் தங்கை, வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதமாக அவரோடு பேச்சு இல்லை. அவளை வரச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று வாராவாரம் என்னை நச்சரிப்பார்.

2. கேள்வித்தாள்

நான்காம் வாரம் மற்றவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு காரில் போய்க் கவிதாவைக் கையோடு கூட்டி வருவதாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆளுக்கொரு தாளில் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். உங்கள் பிள்ளையின் நெருங்கிய நண்பர் யார்? வகுப்பாசிரியர் பெயர் என்ன? கடைசியாக எதற்குச் சிரித்தது? எதற்குப் பயப்படுகிறது?

அவர்களை வெட்கப்பட வைக்கவே கொடுத்தேன். ஒருவர் மட்டும் தலைநிமிர்ந்தார்.

"வைஃபுக்குப் போன் போட்டுக் கேக்கலாமா டீச்சர்?"

செல்வம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

3. பதில்

அந்த வாரமே அவர் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். மகளைப் பார்த்ததும் தாளை எடுத்துக் கேள்விகளை அப்படியே வாசித்திருக்கிறார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்துத் தங்கைதான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

குழுவில் அவரே படித்தார். எதற்குப் பயம் என்ற இடத்தில் கவிதா எழுதியிருந்தது: அப்பா லாரி சத்தம்.

"நான் வீட்டுக்கு வர்ற சத்தம் கேட்டா அவ சந்தோஷப்படுவான்னு நெனச்சிட்டு இருந்தேன் டீச்சர்," என்றார்.

அன்று யாரும் ஆலோசனை சொல்லவில்லை.

அதன்பின் அவர் கடிதம் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் லாரியை யார்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் சுங்கை லாலாங் போனார். வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. முதலில் அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பள்ளி விடுமுறை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பினாள். வந்த அன்றே ரோத்தானை இரண்டாக முறித்துக் குப்பையில் போட்டாளாம். செல்வம் தடுக்கவில்லை.

அப்பாக்களைக் கேள்வி கேட்டேனே தவிர, போய்ப் பிள்ளையைக் கேளுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் செல்வம் செய்துதான் எனக்குத் தெரிந்தது. இப்போது முதல் நாளே தாளைக் கொடுத்து, பிள்ளையிடம் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். பாதிப் பேர் மனைவியின் கையெழுத்தில் கொண்டுவருகிறார்கள். வாங்குவதில்லை. வெறும் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, மறுபடியும் போகச் சொல்கிறேன்.