எருக்கும்பிக்குக் காவலிருந்த தலைமயிர்

இன்று தலைவாரும்போது சீப்பில் வந்த மயிரைச் சுருட்டிக்கொண்டு, அதைச் செருகக் கூரையோலை தேடினேன். நான் இருப்பதோ ஐந்தாம் மாடியில்.

யாழ்ப்பாணத்திலிருந்து காட்டை அண்டிய முரசுமோட்டைக்கு நாங்கள் குடியேறிய புதிதில், ஊர்ப் பழக்கப்படியே ஐயா வாழைகளுக்குப் பக்கத்தில் எருக்கும்பி போட்டார். சாணம், சாம்பல், மீன்செதில், பலாச்சக்கை எல்லாம் அதில் விழும். ஊரில் அதைக் கிளற வந்தது கோழி மட்டுந்தான். முரசுமோட்டையிலோ காட்டுப்பன்றி வந்து, எருவோடு வாழைகளையும் கிண்டிச் சாய்த்தது. ஐயா போட்ட வேலி இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

"மனிசரின்ர தலைமயிர் மணந்தால் பண்டி கிட்ட வராது," என்றார் பக்கத்துக் காணிக்காரர்.

சவுரி கட்டுவதற்காக அம்மா மாதக்கணக்கில் கூரையோலையில் செருகிச் சேர்த்த மயிர் முழுவதையும் ஐயா எடுத்து, சிறுசிறு முடிச்சுகளாக எருவைச் சுற்றிக் கட்டிவிட்டார். பன்றி வரவில்லை. அம்மாதான் வந்தார்.

"என்ர தலைமயிருக்குக் காட்டுப்பண்டியே பயப்பிடுது. உங்களுக்குத்தான் பயமில்லை, என்ன?"

ஆனால் மறுநாள் காலையில் அம்மா தலைவாரியது எருக்கும்பிக்குப் பக்கத்தில் நின்றுதான்.

கையிலிருந்த சுருளைப் பூச்சாடியில் போட்டேன். ஐந்தாம் மாடிக்குப் பன்றி வராது. இருந்தாலும் போட்டேன்.