கல்லில் படாத தாலி

நிவித்திகல டவுனில் நகைக்கடை வைத்திருந்தவரின் நெற்றியில் எந்நேரமும் சந்தனம் ஈரமாகவே இருக்கும். பேசும்போது உரைகல்லைத் தோள் துவாயால் துடைத்துக்கொண்டே இருப்பார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் பலருக்கும் தாலி செய்து கொடுத்தவர் அவர்தான்.

அக்காவின் கணவர் இறந்த மூன்றாம் மாதம், அவள் தாலியை விற்க அவரிடமே போனோம். கல்லில் ஒரு இழு இழுத்து, தங்கம் சோதிக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டார்.

"பதினாறு கேரட்தான் தம்பி வருது. மூணுல ஒரு பங்கு செம்பு."

"நீங்க செஞ்சதுதானுங்களே? பின்னால இருபத்திரண்டுன்னு அடிச்சிருக்கீங்களே," என்றாள் அக்கா.

"முத்திர யாரு வேணும்னாலும் அடிக்கலாம் தங்கச்சி. கல்லு சொல்றதுக்குத்தான் வெல." சிரித்துக்கொண்டே சொன்னார்.

பக்கத்தில் ஒரு அம்மா, தன் மகள் கல்யாணத்துக்குத் தாலி பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் இருபத்திரண்டு.

"வாங்குறதுக்கு முந்தி உரசிப் பார்க்கச் சொல்லுங்கம்மா," என்றேன்.

அந்த அம்மா பதறிப்போனார். "கழுத்துல ஏறப்போற தாலிய உரசச் சொல்றீங்களே! வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

எங்கள் ஆட்களிடம், கட்டியவன் போன பிறகுதான் தாலி கல்லில் படும்.

கடைக்காரர் உரைகல்லை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். புதுத் தாலியை வெற்றிலையில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "மாப்பிள்ளை நூறு வயசு இருக்கணும்," என்று கண்ணை மூடி வாழ்த்தினார்.

அந்த வாழ்த்தில் மட்டும் கலப்படமே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் குமட்டுகிறது.