இத்தாலியை நான் தகுதி பெறவைத்த கதை

பெரம்பலூரில் அரசு வேலைத் தேர்வுக்கான ஒரு கோச்சிங் சென்டரில் பதினேழு வருடம் கரண்ட் அஃபேர்ஸ் எடுத்தேன். மாதாமாதம் புக்லெட் தயாரிப்பதும் என் வேலைதான். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பாட்டு

எங்கள் சென்டரில் எந்தப் பட்டியலையும் ராகம் போட்டுத்தான் மனப்பாடம் செய்யவைப்போம். உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்ற ஐரோப்பிய அணிகள் அந்த மாதப் பட்டியல். பத்து அணிகள் உறுதியாகியிருந்தன. மூன்று இடங்களுக்குப் பிளே ஆஃப் ஆட்டங்கள் பாக்கி. புக்லெட்டோ அன்றே அச்சுக்குப் போயாக வேண்டும். "செர்பியா, குரோஷியா" என்று தொடங்கிய என் பாட்டு, முடிவில் ஒரு பெயர் கிடைக்காமல் தொங்கியது. ஐரோப்பாவின் நடப்புச் சாம்பியன் வராமலா போகும் என்று இத்தாலியைப் போட்டு முடித்தேன். ராகம் அம்சமாக உட்கார்ந்தது. திமிர், வேறென்ன.

சொந்த மண்ணில் வடக்கு மாசிடோனியாவிடம் தோற்று இத்தாலி வெளியேறியது. காலையில் நான் செய்தியைப் பார்த்தபோது புக்லெட் எல்லோர் கைக்கும் போயிருந்தது.

2. மிஞ்சிய சீட்டு

திருத்தச் சீட்டு அடித்து எல்லோருடைய புக்லெட்டிலும் நானே ஒட்டினேன். ஒன்று மிஞ்சியது. அது செல்வியுடையது. செந்துறைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய். புக்லெட்டை வாங்கிக்கொண்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவர் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. போன தடவை ஒரே கேள்வியில் அவருக்கு வேலை கைநழுவியது.

"இதான் சார் கடைசி. இதுக்கு மேல வூட்ல வுட மாட்டாங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

போன் கணவரிடம் இருக்கும். அவர் தெரியாத நம்பரை எடுப்பதில்லை. செந்துறைக்கே போனேன். வீடு பூட்டியிருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் தோப்புக் குத்தகைக்குப் போய்விட்டார்களாம். "தகுதி பெறாத அணி எது?" என்பது தேர்வு வைப்பவர்களுக்குப் பிடித்தமான கேள்வி. அது வந்தால் என் பாட்டே அவரைக் கவிழ்த்துவிடும்.

3. கேட்

தேர்வன்று, அவருக்கு ஒதுக்கியிருந்த அரியலூர் தேர்வு மைய வாசலில் ஏழு மணிக்கே போய் நின்றேன். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து, என்னைப் பார்க்காமலே உள்ளே நுழைந்துவிட்டார்.

"செல்வி! பாட்டு தப்பும்மா! இத்தாலி இல்ல!" என்று கேட்டைப் பிடித்துக் கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. அதற்குள் போலீஸ்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், வாசல்லயே நின்னு ஆன்சர் சொல்றியா? ஏறு ஜீப்ல!"

தேர்வு முடியும்வரை என்னை ஜீப்பில் உட்காரவைத்தார்கள். கேஸ் போடுவார்களோ, செல்வியையும் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். விசாரித்துவிட்டு எச்சரித்து அனுப்பினார்கள்.

செல்வி வெளியே வந்தார். "ஃபுட்பால் கேள்வியே வரல சார்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது.

"நீங்க கத்துனதுல பதறிப்போயிட்டேன். வேற எதெல்லாம் தப்போன்னு முதல் பத்து நிமிஷம் அதே நெனப்பா இருந்துச்சு. தெரிஞ்சதக்கூட மாத்தி மாத்தி யோசிச்சேன்."

ரிசல்ட் வந்தது. இந்த முறையும் ஒரே கேள்வியில் போனது.

புக்லெட்டில் தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். மீறித் தப்புச் செய்துவிட்டால், அந்தப் பயத்தைத் தேர்வு எழுதப்போகிறவர் தலையில் இறக்கிவைக்காதீர்கள். செல்வி தவறவிட்ட அந்த ஒரு கேள்வி, அந்த முதல் பத்து நிமிடத்தில் வந்ததுதானா என்று அவரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.