இரண்டு எலும்புக்கு நடுவே

எனக்கு எட்டு வயதானபோது என் முதுகைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. நகரி ஆந்திராவோடு இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரே இரண்டாக நின்ற காலம் அது; எங்கள் வீடு மட்டும் என்ன. பையன் பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்பது நைனாவின் கட்சி. முதுகில் ஏதோ இருக்கிறது என்பது அம்மாவின் கட்சி. கீழே விழுந்த பொருளை நான் குனிந்து எடுப்பதில்லை, முதுகை வளைக்காமல் குந்தி உட்கார்ந்துதான் எடுக்கிறேன் என்று முதலில் கவனித்தவள் அவள்தான்.

புத்தூரில் கட்டுப் போடுகிறவர் தடவிப் பார்த்துவிட்டு, இது முறிவு இல்லை, என் கட்டுக்கு அடங்காது என்று சொல்லி அனுப்பினார். திருப்பதியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது, பாலும் முட்டையும் கொடு என்றார். நைனாவின் கட்சி ஜெயித்துவிட்டது.

அம்மா அந்தப் படத்தை, நெய்த துணியில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோல், வெயிலுக்கு நேரே பிடித்தாள். மூன்று நாள் பிடித்தாள். விரல் ஒவ்வொரு எலும்பாக இறங்கி ஒரே இடத்தில் நிற்கும். நாலாம் நாள் தறியை நிறுத்திவிட்டு என்னைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

"இன்னாத்துக்கு அலைஞ்சிக்கினே கீறே?" என்றார் நைனா.

"நோவறது என் காலுதானே, உன் காலா?"

சித்தூர் டாக்டர் வயதானவர். படத்தைப் பார்த்து அவரும் உதட்டைப் பிதுக்கினார். அம்மா அதன்மேல் விரலை வைத்தாள்.

"எல்லா எலும்புக்கும் நடுவுல சந்து கீது சார். இங்க மட்டும் நெருங்கிக் கீது."

"நீ எந்தக் காலேஜ்ல படிச்சேம்மா?"

"தறிக்குழியில சார்."

அவர் சிரித்தார். பிறகு படத்தை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், சிரிப்பு நின்றது. என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் இரண்டு எலும்புகள் ஓரம் அரிக்கப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. எலும்பில் டி.பி., அதற்கு ஊசி மருந்து இருக்கிறது, மாவுக்கட்டில் பல மாதம் கிடக்க வேண்டும், ஆனால் நடப்பான் என்றார் டாக்டர். அம்மாவின் முகத்தில் தேர்தலில் ஜெயித்தவரின் களை.

"வீட்ல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் உண்டா?"

நெசவு வீட்டில் யார்தான் இருமவில்லை? பஞ்சுத் தூசு என்போம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்குத்தான் சார்."

அவளை நிற்கவைத்து மார்பைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. "இவனுக்கு என்னிக்கு ஊசி ஆரம்பிப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வரும்போது என்னை மடியில் சாய்த்துக் கொண்டுவந்தவள், திரும்பும்போது முன் சீட்டில் யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் இடம் கேட்டு உட்காரவைத்தாள். தான் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாதி என்னவென்று தெரிந்ததும் அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில், நகரி வரும்வரை நானும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.